நனைந்த பாயைப் பற்றி ஊருக்குச் சொன்னோம்

1

போன சனிக்கிழமை காலை நான் வேலை பார்க்கும் பேக்கரியில் கூட்டம் வாசல் வரை நின்றது. நான் ரொட்டியை வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்த ஒரு பெண்மணி, "உங்கள் மகள் இன்னும் ராத்திரியில் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறாளா?" என்று கேட்டுவிட்டுக் கடையே அதிரும்படி சிரித்தார். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்து, நாலு துண்டு கேட்டவருக்கு முழு ரொட்டியையும் வெட்டிவிட்டேன்.

அவர் எங்கள் ஊர்க் குழந்தை மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருப்பவர். எங்கள் ஊர் என்றால் தென் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். கணவர் கருப்பசாமிக்கு இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. அவருக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம், எனக்குப் பாலவனத்தம். இரண்டு வீட்டிலும் போன தலைமுறை வரைக்கும் கூலிக்குக் களை வெட்டியவர்கள்தான். எங்கள் மகள் மகிழினி இங்கேதான் பிறந்தாள்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு கதை இருக்கிறது. மகிக்கு ஒன்பது வயதான பிறகும் ராத்திரியில் படுக்கை நனைந்துகொண்டிருந்தது. டாக்டரைப் பார்க்கத் தொலைபேசியில் நேரம் வாங்க வேண்டும். ஜெர்மன் மொழியில் 'இன்ஸ் பெட் மாஹென்' என்று சொன்னால் படுக்கையில் ஒண்ணுக்குப் போகிறாள் என்று அர்த்தம். 'டாஸ் பெட் மாஹென்' என்றால் படுக்கையை விரித்து ஒழுங்கு செய்கிறாள் என்று அர்த்தம். பேக்கரியில் மாவு மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைக் கடைசி நொடியில் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

"என் மகள் தினமும் ராத்திரி படுக்கையை ஒழுங்கு செய்கிறாள்."

"அடடா, அருமை! என் மகன் காலையில்கூடச் செய்வதில்லையே."

"இல்லை, இது பெரிய பிரச்சினை. நிறுத்தவே முடியவில்லை. அவளுக்கு அவமானமாக இருக்கிறது."

எதிர்முனையில் இருந்த அந்தப் பெண்மணி மெதுவாக, சரியான வாக்கியத்தை எனக்காகச் சொன்னார். நான் "ஆமாம், அதுதான்" என்றேன். சொல்லி முடித்ததும் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இதையெல்லாம் எழுதலாமா என்று மகியிடம் கேட்டேன். "எழுதுங்கம்மா. என் பேரையும் போடுங்க" என்றாள்.

2

அதற்கு முந்தைய வருஷம் அருப்புக்கோட்டையில் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம். மண்டபத்து மாடியில் பெரிய ஜமக்காளத்தை விரித்து, பிள்ளைகளை எல்லாம் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். மகிக்கு அப்போது எட்டு வயது. சித்தப்பா பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் என்று இத்தனை பேர் தனக்கு இருக்கிறார்கள் என்பதையே அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். படுக்கப் போகும்வரை ஒரே கும்மாளம்.

நான் எவ்வளவோ முன்னேற்பாடு செய்துதான் வைத்திருந்தேன். இருந்தும் விடிந்தபோது ஜமக்காளம் நனைந்திருந்தது. பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைகளின் பாவாடையும் நனைந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு எல்லோரும் பரபரவென்று ஓடிக்கொண்டிருந்த நேரம். என் நாத்தனார், கணவருக்கு மூத்தவர், மாடிக்கு வந்தார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏத்தா செல்வி, எட்டு வயசுப் புள்ளைய இப்பிடித்தான் வளத்து வச்சிருக்கியா? சீமையில இருந்துட்டா ஒண்ணுக்குப் போகக்கூடச் சொல்லித்தர மாட்டீகளா?"

சம்பந்தி வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் படியில் நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். மகிக்குத் தமிழ் தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்பாவாடையைக் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே இருந்தாள். கணவர் அக்கா பேசியதைக் கேட்டுவிட்டுத் தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

ஜெர்மனிக்குத் திரும்பியதும் மகி தமிழில் பேசுவதை விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். ஊரிலிருந்து வீடியோவில் யாராவது கூப்பிட்டால் கழிவறைக்குள் போய்விடுவாள். "அடுத்த வருஷம் நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வரலை" என்றாள், அதையும் ஜெர்மனில்.

இங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள், இந்த மண்ணில் வளரும் பிள்ளைகள் அப்படித்தான் விலகிப்போகும் என்று ஆறுதல் சொன்னார்கள். எத்தனையோ வீடுகளில் அது நிஜமாக இருக்கலாம். என் மகள் விலகியதற்கு ஒரு ஜமக்காளம் காரணம் என்று எனக்குத் தெரியும். அதை யாரிடம் சொல்ல முடியும்?

3

குழந்தை மருத்துவர் ஒரு பெண். உயரம், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். மகி கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அவரிடம்தான் காட்டுகிறோம். ஆரம்பத்தில் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும். ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் ஒரு சிரப், ஒரு மாத்திரை, நாம் வற்புறுத்தினால் ஓர் ஊசி என்று ஏதாவது கொடுத்தனுப்புவார். இவர் தொண்டையைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார், நெஞ்சில் குழாய் வைப்பார், "வைரஸ்தான், தண்ணீர் நிறையக் கொடுங்கள், இரண்டு நாள் பொறுங்கள்" என்பார். கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வந்தபோதும் அதேதான். வெறுங்கையோடு வெளியே வந்து, பனியில் நின்று நான் கணவரிடம் கத்தியிருக்கிறேன். கொப்புளம் தானாக வற்றி உதிர்ந்தது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அவர்மேல் நம்பிக்கை வந்தது.

படுக்கை நனைவதற்காகப் போன அன்றைக்கு அவர் மகியைத்தான் முதலில் பார்த்துப் பேசினார். "இது உன் தவறு இல்லை. உன் வகுப்பில் இன்னும் யாருக்காவது இருக்கும். அவர்களும் சொல்லமாட்டார்கள், நீயும் சொல்லமாட்டாய். அதனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறீர்கள்" என்றார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சிறுநீரைச் சோதித்தார். தினமும் மலம் கழிகிறதா, பள்ளியில் கழிவறைக்குப் போகிறாளா, பகலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டார். ராத்திரியில் இருக்கும் தொல்லைக்குப் பகலைப் பற்றியே கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக எங்களைப் பார்த்தார். "உங்கள் இருவரில் யாருக்காவது சிறு வயதில் இது இருந்ததா?"

"இல்லை" என்றேன், இருவருக்கும் சேர்த்து.

கணவர் சுவரில் ஒட்டியிருந்த மீன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழிற்சாலையில் கற்ற அந்தக் கரடுமுரடான ஜெர்மனில் சொன்னார்: "எனக்கு இருந்தது. பதினொரு வயது வரை."

நான் திரும்பிப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாது. டாக்டர் மூக்கைப் பற்றியோ முடியைப் பற்றியோ பேசுவதுபோல, "நன்றி. அப்படியானால் உங்களிடமிருந்துதான் இவளுக்கு வந்திருக்கிறது. இது குடும்பங்களில் ஓடும்" என்றார்.

மகி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அப்பா, உங்களுக்குமா?"

தமிழில் கேட்டாள்.

வெளியே வந்ததும் நான் விடவில்லை. "உங்க அக்கா மண்டபத்துல வச்சு என் வளப்பைப் பேசுனாகல்ல? அப்ப வாயத் தொறந்து சொன்னா என்னங்க?"

"ஊருல வச்சு எப்பிடித்தா சொல்லுவேன்?" என்றார். "இங்கன்னா நம்மள யாருக்குத் தெரியும்?"

அதற்குமேல் என்னால் சண்டை போட முடியவில்லை. ஆறடி உயர மனுஷன், காதெல்லாம் சிவந்துபோய் நின்றார்.

4

வைத்தியம் ராத்திரியில் தொடங்கவில்லை. முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்ய ஒரு தூள் கொடுத்தார். குடலில் தேங்கியிருப்பது மூத்திரப்பையை நெருக்குமாம். பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் மகி அடக்கிவைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பகலில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சாயங்காலத்துக்குமேல் குறைத்துக்கொள்ளலாம். பாட நேரத்தில் கேட்டாலும் அனுப்ப வேண்டும் என்று ஆசிரியைக்குச் சொல்லியாயிற்று.

அதன் பிறகு ஒரு மணி. உள்ளாடையில் வைக்கும் சின்ன உணர்கருவி, ஈரம் பட்டதும் அலறும். அதற்குக் காப்பீட்டுக்காரர்கள் பணம் தர வேண்டும். விண்ணப்பம் திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். எனக்கு என் அப்பா பெயர், அவருக்கு அவர் அப்பா பெயர், மகிக்குக் கருப்பசாமி. "விண்ணப்பிக்கும் திரு. முனியாண்டி அவர்களுக்கும் குழந்தை மகிழினி கருப்பசாமிக்கும் என்ன உறவு?" என்று கேட்டிருந்தார்கள். செத்துப்போன என் மாமனார் முனியாண்டிக்கு ஜெர்மனியிலிருந்து இப்படி ஒரு மரியாதை. விளக்கம் எழுதினோம். மறுபடி கேட்டார்கள். வரவேற்பு மேசைப் பெண்மணிதான் தொலைபேசியில் அவர்களோடு மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தார்.

மணி அலறினால் நான் விழிப்பேன், கணவர் விழிப்பார், மேல்வீட்டுக் கிழவர்கூட விழித்துவிட்டார். மகி மட்டும் அசையமாட்டாள். நாங்கள்தான் எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும். டாக்டர் அதையும் முன்பே சொல்லியிருந்தார். கணவர் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். போகும்போதும் வரும்போதும் தன் கதையைச் சொல்வார். எள்ளுருண்டை தின்றால் நிற்கும் என்று தினமும் கொடுத்தது, இடுப்பில் மந்திரித்த கயிறு கட்டியது, பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு வாய்த் தண்ணீர் தராமல் வைத்தது. மகிக்கு அதையெல்லாம் கேட்கக் கேட்கத் தாங்காத சந்தோஷம். "கயிறு கட்டினா எப்படிப்பா நிக்கும்? அதுல மணியாவது இருந்துச்சா?" என்பாள். அரைத்தூக்கத்தில் கதை கேட்பதற்காகவே தமிழ் திரும்பி வந்தது.

பாதியில் ஒருமுறை எல்லாம் பழையபடி ஆனது. மகி மணியைத் தூக்கி எறிந்தாள். டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "இப்படியும் நடக்கும், மறுபடி தொடங்குவோம்" என்றார். மறுபடி தொடங்கினோம். மெல்ல மெல்ல மணி அலறும் ராத்திரிகள் குறைந்தன. பிறகு மகி மணிக்கு முன்பே எழுந்தாள். அப்புறம் எழாமலே விடியும்வரை தூங்கினாள்.

நாலாம் வகுப்பில் வெளியூர்ச் சுற்றுலா வந்தது. வகுப்பே சேர்ந்து காட்டுக்குள் ஒரு விடுதியில் தங்க வேண்டும். மகி போனாள். அவள் திரும்பும்வரை எனக்கு வேலையே ஓடவில்லை. பேருந்திலிருந்து இறங்கியவள், சகதி அப்பிய காலோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: "அம்மா, நான் மேல் கட்டிலைக் கேட்டு வாங்கிப் படுத்தேன். கீழ ஒருத்தி தூங்கினா!"

அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தேன். இங்கே எனக்கு வேலை நிரந்தரமானபோதுகூட நான் பாயசம் வைக்கவில்லை.

5

போன கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்று கேட்டது மகிதான். "அத்தை வீட்டுல தூங்கணும்" என்றாள். எந்த அத்தை என்று நான் கேட்கவில்லை.

மதினி வீடு பாளையம்பட்டியில். மகியும் மதினியின் கடைசி மகள் தர்ஷினியும் ஒரே பாயில் படுத்தார்கள். தர்ஷினிக்கு ஏழு வயது. காலையில் நான் கண் விழித்தபோது மதினி தர்ஷினியைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, பாயின் அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். மகி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பாவாடை காய்ந்திருந்தது. தர்ஷினியுடையது நனைந்திருந்தது.

பாயோடு போனவரின் பின்னாலேயே நானும் கொல்லைக்குப் போனேன். மதினி என்னைப் பார்த்ததும் பாயைக் கீழே போட்டுவிட்டார்.

"நீயே கேளு செல்வி. நாலு வார்த்தை கேட்டுரு. அன்னைக்கு உன்னையப் பேசுனேன்ல."

"நான் ஒண்ணும் கேக்க வரலை மதினி."

"புதுச் சம்பந்திக படியில நிக்காக. இது எங்க வீட்டு வழின்னு தெரிஞ்சா மத்த புள்ளைகளுக்கு யாரு பொண்ணு எடுப்பான்னு பயந்துட்டேன். பழிய உன் தலையில தூக்கிப் போட்டுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கருப்பசாமி நனைப்பான். தெனமும் நான்தான் அலசுவேன். நம்ம ஊருல அப்ப தண்ணி ஏது? கண்மாய் வத்திருச்சுன்னா கருவேலங்காட்டைத் தாண்டிப் போயித் தூக்கிட்டு வரணும். குடிக்கக் கொண்டாந்த குடத்துல அவன் போர்வைய அலசணும். அழுதுக்கிட்டே அலசுவேன். அவனும் எதிர்த்தாப்புல நின்னு அழுவான். உன் மவ நனைச்சதும் எனக்கு அந்தக் குடந்தான் ஞாபகம் வந்துச்சு."

எனக்குள் இருந்த கோபத்தை அதற்கப்புறம் நான் தேடிப் பார்த்தேன். இருந்த இடமே தெரியவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தலையில் குடத்தோடு நடந்து வருவதுதான் தெரிந்தது.

"டாக்டருட்டக் காட்டுனீகளா?"

"இதுக்குப் போயா டாக்டரு? நாலு பேரு முன்னால எப்பிடிச் சொல்லுறது?"

"நான் வாரேன் அத்தை" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மகி, பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றாள்.

6

அருப்புக்கோட்டை டவுனில் நாங்கள் போன குழந்தை டாக்டரிடம் எப்போதும் திருவிழாக் கூட்டம்தான். சளி, காய்ச்சல், வீசிங், வயிற்றுப்போக்கு, சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளை, மண் தின்கிற பிள்ளை. ஒருத்தியின் தோளில் தூங்கும் குழந்தை அடுத்தவளின் தோளில் எச்சில் வடித்துக்கொண்டிருக்கும். சுற்றுவட்டாரத்துப் பஸ்ஸெல்லாம் இங்கேதான் காலியாகிறதோ என்று தோன்றும். டாக்டர் ஒரு பிள்ளையைப் பார்க்கும்போதே அடுத்த இரண்டு பேரை உள்ளே வந்து நிற்கச் சொல்லிவிடுவார்கள். ரகசியம் பேச வழியே கிடையாது.

எங்கள் முறை வந்தது. கணவர் வெளியே நின்றுகொண்டார். டாக்டர் தர்ஷினியின் கையைப் பிடித்து அருகில் இழுத்து, "பாப்பாவுக்கு என்ன செய்யுது?" என்றார்.

மதினி பின்னால் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். "சளி சார்" என்றார்.

டாக்டர் குழாயைக் காதில் மாட்டினார்.

"சளி இல்ல, டாக்டர்" என்றாள் மகி. அவள் தமிழில் ஜெர்மன் வாடை அடிக்கும். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். "ராத்திரி தூங்கும்போது ஒண்ணுக்குப் போயிடுறா. அவளுக்குத் தெரியாம. அது அவ தப்பு இல்ல. எனக்கும் இருந்துச்சு. இப்ப இல்ல."

மதினி கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ எந்த ஊரும்மா?"

"ஜெர்மனி" என்றவள், கொஞ்சம் யோசித்து, "திருச்சுழி" என்றாள்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தர்ஷினியிடம் நிதானமாகக் கேட்டார், வெளியே அத்தனை கூட்டம் இருந்தும். தினமும் வெளிக்குப் போகிறாளா, பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குப் போகிறாளா?

"போக மாட்டேன், நாறும்" என்றாள் தர்ஷினி.

"பாத்தீங்களா, அங்கதான் இருக்கு விசயம்" என்று மதினியிடம் திரும்பினார். "அடக்கி வச்சா இப்பிடித்தான் ஆகும். சிறுநீர் ஒண்ணு டெஸ்ட் பண்ணிருவோம். முதல்ல வயித்தச் சரி பண்ணுவோம். பகல்ல நல்லாத் தண்ணி குடிக்கணும். டீச்சர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, கயிறு கியிறு கட்டக் கூடாது. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. தேவைன்னா மணி வச்சுப் பாப்போம். இம்புட்டுத்தான். இதுக்கா சளின்னு சொன்னீங்க?"

நாங்கள் வெளியே வருவதற்குள், எங்களுக்குப் பின்னால் நின்ற பெண்மணி டாக்டரிடம் சொல்வது காதில் விழுந்தது. "சார், காய்ச்சலுக்குத்தான் வந்தோம். ஆனா எங்க மூத்தவளுக்கும் அந்தப் புள்ள சொன்ன மாதிரித்தான் இருக்கு."

மருந்து வாங்கும் இடத்தில் பெஞ்சு நிறையத் தாய்மார்கள். உள்ளே நடந்தது எங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. மல்லாங்கிணறிலிருந்து வந்து முறைக்குக் காத்திருந்த ஓர் அம்மா மகியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"ஏத்தா, மணி வச்சுப் பாப்போம்னாராம்ல டாக்டரு? அது என்ன மணி?"

மகி விளக்கினாள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள், மணிபோலவே அலறியும் காட்டினாள். பெஞ்சே சிரித்தது. மதினி தர்ஷினியை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, கடைசியில் "ஆமாத்தா, நம்ம புள்ளைக்கும் அப்பிடித்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பேசவே ஆரம்பித்துவிட்டார்.

"நெசமாவே சரியாப் போயிருமா? வயசுக்கு வந்த பொறவும் இருந்தா என்ன செய்ய?" என்றார் மல்லாங்கிணறு அம்மா. அவர் மகள் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க அப்பாவுக்குப் பதினொரு வயசு வரைக்கும் இருந்துச்சு" என்றாள் மகி. "அதோ, அவங்கதான்."

அத்தனை தலையும் திரும்பியது. வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார் கருப்பசாமி. அந்தக் கூட்டத்தில் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இருக்கலாம், அவர் அப்பாவைத் தெரிந்தவர்கள் இருக்கலாம். இங்கன்னா நம்மள யாருக்குத் தெரியும் என்று சொல்ல முடியாத இடம் அது. அவர் காது சிவப்பதை நான் பார்த்தேன். நழுவி வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆமாக்கா" என்றார், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "எனக்கும் இருந்துச்சு. எங்க அக்காதான் அலசிப் போடும். இந்தா, இவுகதான்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. மல்லாங்கிணறு அம்மா என் கணவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு தூணுக்குப் பின்னால் கையை நீட்டி மகளை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"நல்லாப் பாத்துக்கத்தா" என்றார். "இம்புட்டு ஒசரம் வளந்து, கல்யாணங் காட்சி பண்ணி, புள்ளையும் பெத்து, பிளேன்ல போயிட்டு வாராக. வா, நம்மளும் உள்ள போயிச் சொல்லுவோம்."